நூறு தரம் எழுதிய வரி

பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபோது, இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுதுவதாகத்தான் சொல்லியிருந்தேன். பாதி எழுதியும் விட்டேன். தை மாதக் கடைசியில் மட்டக்களப்பிலிருந்து மருமகன் எடுத்து, "மாமா, உங்கட விஞ்ஞான சேர் மோசம் போயிற்றார்" என்றான். சேர் இறந்த செய்தி கேட்டதும் எழுதிய தாள்களை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

சேரின் பெயரை இங்கே எழுதவில்லை. மேல்மாடி ஆய்கூடத்தில் படித்தவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை. வெண்கட்டியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே அவர் கேட்கும் "ஆதாரம்?" என்ற ஒற்றைச் சொல் போதும்.

1977, பங்குனி மாதம். ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்கு ஒலி பற்றிய பாடம். காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும், தண்ணீரில் ஏறக்குறைய 1500 மீற்றர் போகும் என்று கரும்பலகையில் எழுதினார். எனக்கு அது புதுச் செய்தி இல்லை என்பதுபோல ஒரு சந்தோசம் வந்தது. ஏனென்றால் அப்பா மட்டக்களப்பு வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் நான். கையை உயர்த்திச் சொன்னேன்: "சேர், எங்கட அப்பா அப்பிடித்தான் மீன் பாடுறதைக் கேக்கிறவர்."

முன் வாங்கில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன மீன்?"

"தெரியாது சேர்."

"ஆதாரம்?"

"அப்பா சொன்னவர்."

"அப்பா சொன்னதெல்லாம் ஆதாரமில்லை. 'மீன் பாடாது' எண்டு நூறு தரம் எழுது. அப்பாட்டக் கையொப்பம் வாங்கிக்கொண்டு வா."

பிரம்படி வாங்கியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இரவு குப்பி விளக்கடியில் நான்கு பக்கம் நிறைய அந்த வரியை எழுதினேன். அப்பா மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவர். தன் பெயரை மட்டும் எழுதுவார், பெரிய பெரிய எழுத்தாக. கொப்பியை வாங்கி விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்து, "என்ன மனே எழுதியிருக்கு?" என்று கேட்டார். "கையெழுத்துப் பயிற்சி" என்றேன். "வடிவா எழுதியிருக்காய்" என்று சொல்லிவிட்டுக் கையொப்பம் போட்டார். தன் வாழ்நாள் முழுக்கக் காதால் கேட்ட ஒன்றை இல்லையென்று சொல்லும் நூறு வரிகளுக்குக் கீழே.

காலையில் கொப்பியைக் கொடுத்தேன். சேர் வரிகளை எண்ணவில்லை. அந்தக் கையொப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

சித்திரை விடுமுறை வந்தது. சித்திரைப் பறுவத்தன்று, முழுநிலா நாளில், பின்னேரம் எங்கள் படலையடியில் ஒரு சைக்கிள் மணி. பார்த்தால் சேர். தாயில்லாதவர்கள் விரதம் இருக்கும் நாள் அது, சேரும் விரதம். கல்லடிப் பாலம் தாண்டி அந்த வெயிலில் வந்திருந்தார். அப்பா பதறிப்போய்ப் பாயை விரித்தார். சேர் உட்காரவில்லை.

"அண்ணே, ராவைக்கு உங்கட தோணியில என்னை ஒருக்காக் கூட்டிப் போவீங்களா?"

"சேர் கேட்டு மாட்டன் எண்டு சொல்லுவனா?"

நிலவு தென்னைகளுக்கு மேலே ஏறிய பிறகு மூன்று பேரும் போனோம். காற்று அசையவில்லை. பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பாறையடியில் தோணியை நிறுத்தி, "கதைக்க வேண்டாம்" என்பதுபோல அப்பா கை காட்டினார். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுப் பிடியைச் சேர் பக்கம் நீட்டினார்.

சேர் காதை வைத்தார். கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு எனக்கும் தந்தார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? வீணையின் தடித்த தந்தியை யாரோ தூரத்தில் முறுக்கிப் பார்ப்பதுபோல ஒன்று. அதன் மேலே மெல்லிசாக இன்னொன்று. அப்புறம் பல. ஒரே குரல் இல்லை, சின்னச் சின்னதாக எத்தனையோ. தோணியைப் பத்துப் பாகத் தூரம் தள்ளினால் குறைந்தது, திரும்பி வந்தால் அதே இடத்தில் மறுபடி இருந்தது.

சேர் மடியிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்தார். நிலவு வெளிச்சத்திலேயே எழுதினார். இங்கே எத்தனை பாகம் ஆழம், அடியில் கல்லா சேறா, எந்த மாதம் தொடங்கும், எப்போது நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "மாரியில ஆத்து வெள்ளம் வந்து தண்ணி இனிச்சிதெண்டா நிண்டிரும் சேர். மறுகா உப்புக் கரிக்கத் தொடங்கினாத்தான். மீனெண்டும் சொல்றாக்கள் இருக்கு, ஓட்டுக்குள்ள இருக்கிற ஊரிதான் கத்துதெண்டும் சொல்றாக்கள் இருக்கு. நான் கண்ணால காணல்ல."

வைகாசியில் பாடசாலை தொடங்கிய முதல் நாள், வகுப்புக்குள் வந்ததும் சேர் சொன்னார்: "நான் போய்க் கேட்டனான். என்ன உயிர் எண்டு எனக்குத் தெரியாது. இவன்ட அப்பாவுக்கு என்னைவிடக் கூடத் தெரியும்." வகுப்பு அமைதியாக இருந்தது. ஓர் ஆசிரியர் கரும்பலகைக்கு முன்னால் நின்று தெரியாது என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

பிறகு ஒரு பழைய புத்தகத்திலிருந்து குறித்துக்கொண்டு வந்ததை வாசித்தார். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் 1848 புரட்டாதியில் மட்டக்களப்புக்கு வந்து, இந்தக் கதையைக் கேள்விப்பட்டு, மீனவர்களை அழைத்து விசாரித்திருக்கிறார். தங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்தே தெரியும், வறண்ட காலத்தில் மட்டும் கேட்கும், மழை வெள்ளம் வந்தால் நின்றுவிடும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊரி ஒன்றின் சத்தம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நிலவு எழுந்த பிறகு கோட்டை வாசல் துறையிலிருந்து வள்ளத்தில் போய் அவரும் கேட்டிருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வு போல என்று எழுதியிருக்கிறார். வள்ளத்தின் மரத்தில் காதை வைத்தபோது சத்தம் பெரிதானதாம். 129 வருசத்துக்கு முந்திய மீனவர்களின் வாக்குமூலம் அப்பாவின் வாக்குமூலமாகவே இருந்தது. மைக்கேல் கல்லூரியில் இருந்த யேசு சபைத் துறவி லாங் அடிகளார் தண்ணீருக்குள் ஒலிவாங்கி இறக்கி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ததையும், அது இலங்கை வானொலியில் போனதையும் அன்றைக்குச் சேர் சொல்லித்தான் அறிந்தேன்.

மணி அடித்த பிறகு என்னை நிறுத்தினார். "அப்பாட்டச் சொன்னனியா, அண்டைக்கு என்ன எழுதினதெண்டு?"

"இல்ல சேர்."

"சொல்லு."

நான் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். 1978 கார்த்திகை 23ஆம் திகதிச் சூறாவளி எங்கள் கூரையையும் அப்பாவின் தோணியையும் கொண்டுபோனது. அந்தக் கொப்பியும் அதோடு போய்விட்டது. 1985இல் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். படலையடியில் நின்று அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான், அங்கேயும் வாவி இருக்கா என்று. 1989இல் அவர் போய்ச் சேர்ந்தபோது லண்டனில் என்னுடைய அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. போனால் திரும்ப முடியாது. போகவில்லை.

இங்கே வந்த பிறகு இந்த விசயத்தைத் தேடித்தேடி வாசித்தேன். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே சோசலிட்டோ என்ற ஊரில், படகு வீடுகளில் இருப்பவர்கள் 1980களில் இரவெல்லாம் ஒரு ரீங்காரத்தால் தூங்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். இயந்திரச் சத்தம் என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில் அது தேரை மீன் இனத்தைச் சேர்ந்த ஒரு மீன். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் கல்லுக்கடியில் கூடு பிடித்து, பெண்ணை அழைப்பதற்காகக் காற்றுப்பையை ஒட்டிய தசைகளைச் செக்கனுக்கு ஏறக்குறைய நூறு தடவை சுருக்கி விரிக்கிறது. அதுதான் அந்த ரீங்காரம். வாசித்து முடித்ததும் அப்பாவிடம் சேர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. அடியில் கல்லா, எந்த மாதம் தொடங்கும். சரியான கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார். நம் ஊரிலேயே கீச்சானுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? தூண்டிலில் ஏற்றும்போது அது கீச்சிடுவதால்தானே. கெளிறும் முள்ளை அசைத்துச் சத்தம் போடும். ஆனால் நம் வாவியில் பாடுவது எது, ஒன்றா பலவா என்பது இன்றைக்கும் தீர்ந்த கேள்வி இல்லை. நான் படித்துவிட்டுத் திரும்பி வந்து அதைக் கண்டுபிடிப்பேன் என்று சேர் உண்மையாகவே நம்பியிருந்தார். என்னுடைய உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொன்னார். நான் இங்கே முப்பது வருசம் வைத்தியசாலை ஆய்கூடத்தில் இரத்த மாதிரி பார்த்தேன். நல்ல வேலைதான், பிள்ளைகள் படித்தார்கள். ஆனாலும் அந்த நம்பிக்கைக்கு நான் பதில் கொடுக்கவில்லை.

2014 மார்கழியில் மருமகளின் கலியாணத்துக்குப் போனபோது, நீருக்கடியில் கேட்கும் ஒலிவாங்கி ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் வந்து ஒன்றேமுக்கால் வருசம் ஆகியிருந்தது. வாகனங்கள் அதன் மேல் இரைந்துகொண்டு போயின. பழையதில் நின்று வயரை இறக்கினேன். வெள்ளம் கலங்கி ஓடியது. மூன்று இரவு போனேன். வெறும் இரைச்சல்தான்.

நாலாம் நாள் சேரைப் பார்க்கப் போனேன். பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். "மாரியில எப்பிடிக் கேக்கும்? உன்ட அப்பா அண்டைக்கே சொன்னவரே. சித்திரையில வா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவரிட்டச் சொன்னனியா?" என்று கேட்டார். 37 வருசத்துக்குப் பிறகு! எதைக் கேட்கிறார் என்று விளங்க எனக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. இல்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்தபடியே இருந்தார். "நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த சித்திரைகளில் ஒன்றிலும் நான் போகவில்லை. வேலை, பேரப்பிள்ளை, பிறகு முழங்கால் சத்திரசிகிச்சை.

இந்த வருசம் சித்திரைப் பறுவத்துக்கு ரிக்கெற் போட்டாயிற்று. ஒலிவாங்கியையும் எடுத்துப் போகிறேன். பதிவு ஏதாவது கிடைத்தால் நம் ஆய்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். தோணி ஒன்று சொல்லி வை, மரத் துடுப்பும் வேணும் என்று மருமகனிடம் கேட்டிருந்தேன். "மரத் துடுப்பா மாமா? இப்ப கனபேர் எஞ்சின்தானே" என்றான். நேற்று இரவு மறுபடி எடுத்தான். நாவற்குடாவில் ஒரு கிழவரிடம் ஒன்று இருக்கிறதாம். நுனி கொஞ்சம் வெடித்திருக்கிறதாம், பரவாயில்லையா என்று கேட்டான்.