அவ்வையும் கட்டியங்காரனும்

மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்கன்னு நம்ம பழைய மாணவர் சங்கத்துல கேட்டப்ப, வாத்தியார்கிட்ட அடி வாங்குன கதைதான் எழுதலாம்னு இருந்தேன், ஆனா அத எப்பிடியும் பத்துப் பேரு எழுதியிருப்பீங்க. நான் நம்ம தமிழ் ஐயாவப் பத்தியும் தெருக்கூத்தப் பத்தியும் எழுதறேன்.

தர்மபுரிக்காரங்ககிட்ட அதியமான்னு சொன்னா உடனே நெல்லிக்கனின்னுதான் வரும். ஐயா மட்டும் "அது பாதிக் கதைடா"ன்னுட்டு, அதியமான் செத்தப்புறம் அவ்வை பாடினத எடுத்துப் படிப்பாரு. புறநானூறு 235. கொஞ்சமா கள்ளு கிடைச்சா எங்களுக்கே குடுத்துருவான், நிறைய இருந்தா நாங்க பாட அவனும் சந்தோசமா குடிப்பான், அதெல்லாம் போச்சேன்னு போகும். கள்ளுன்னதும் பின் பெஞ்சு சிரிக்கும், ஐயா கண்டுக்க மாட்டாரு. 232 இன்னும் மோசம், மலையோட சேத்து நாட்டையே குடுத்தாலும் வாங்காதவன் இப்ப நடுகல்லு முன்னாடி சின்னக் கலத்துல ஊத்தற கள்ள வாங்கிக்குவானான்னு அந்தம்மா கேக்குது. அப்புறம் டவுன்ல மியூசியத்துக்கே கூட்டிட்டுப் போயி நடுகல்லையும் காட்டினாரு. அப்ப எனக்கு வெயிலும் பசியும்தான் தெரிஞ்சுது.

2020 மே மாசம் ஊர்ல அப்பா தவறிட்டாரு. நான் சிங்கப்பூர்ல, ஏப்ரல் 7ல இருந்து கொரோனாவால இங்க எல்லாம் அடைப்பு, இந்தியாவுக்கு வழக்கமா போற ஃபிளைட்டும் இல்ல. வீடியோ கால்லதான் எல்லாம் பாத்தேன், அதுவும் பாதியில கட்டாச்சு. ரூம்ல கூட இருந்த பசங்க நல்லவங்க, ஆனா நாலு பேரு இருக்கற ரூம்ல எங்க உக்காந்து அழறது சொல்லுங்க.

அப்ப நம்ம பேட்ச் குரூப்புல ஒருத்தன், ஆறுதல் வார்த்தை ஒண்ணும் சொல்லாம, எங்க ஊர்ப்பக்கம் முன்ன நடந்த பாரதத் திருவிழாவுல ரெக்கார்டு பண்ண கர்ண மோட்சம் கூத்தோட ஆடியோவ அனுப்பினான். ஹெட்செட் மாட்டிக்கிட்டுப் படுத்தேன். ஆர்மோனியமும் முகவீணையும் ஆரம்பிச்சதுமே சித்திரை வைகாசில திரௌபதியம்மன் கோயில் திடல்ல அப்பா பக்கத்துல கோணிப்பை விரிச்சு உக்காந்த மாதிரி ஆயிருச்சு. சண்டைக்குப் போற கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட சொல்லிட்டுக் கெளம்பற எடத்துல நல்லா அழுதேன். அழுது முடிக்கறதுக்குள்ள கட்டியங்காரன், அதான் கூத்துல கோமாளியா வர்றவன், உள்ள வந்து ராஜாவையே நக்கல் பண்ண, சிரிச்சும் தொலைச்சேன். அப்பா போனப்புறம் அதுதான் மொதச் சிரிப்பு. சிரிச்சது தப்பான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. அப்பாவே கட்டியங்காரன் வர்ற வரைக்கும் தூங்கிட்டு, வந்ததும் எந்திரிச்சு உக்கார்ற ஆளுதான்.

கூத்துல எனக்குப் புடிச்சதே இதுதான். அழவும் விடும், அதுலயே கெடக்கவும் விடாது. தைரியமா இரு, பாசிட்டிவா யோசின்னு மெசேஜ் போட்டவங்க மேல கோவமில்ல, ஆனா அதுங்க எதுவும் உள்ள போகல. அதுக்கப்புறம்தான் ஐயா படிச்ச 235 திரும்பி வந்துச்சு. அவ்வையும் பெருசா தத்துவம் எதுவும் பேசல பாருங்க, கள்ளு, சோறு, தலையத் தடவிக் குடுத்த கை, இப்பிடித்தான் அடுக்கிக்கிட்டே போகுது. நானும் ஒரு நோட்டுல அப்பாவோட டிவிஎஸ் 50, மாங்கா சீசன்ல சட்டையில ஒட்டற பால் கறை, டீய சாஸர்ல ஊத்தி ஆத்தறது இப்பிடி எழுதிக்கிட்டே போனேன். கவிதையெல்லாம் இல்ல, லிஸ்ட்டுதான். எழுதினப்புறம் தூக்கம் வந்துச்சு.

ஆனா ஒண்ணு, நம்மள தேத்தின கலைஞருங்களுக்கு அந்த வருசம் சீசனே போச்சு. கோயில் திருவிழா இல்லேன்னா பாரதம் இல்ல, பாரதம் இல்லேன்னா வருமானம் இல்ல. கெடைச்ச கூலி வேலைக்குப் போனாங்கன்னு கேள்விப்பட்டேன்.

அதனால கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வருசம் ஊர்ல கூடறப்ப அந்த லைட் மியூசிக்க விட்டுட்டு, ஒரு கூத்து ஜமாவ (குழுவ) வெச்சு விடிய விடியக் கூத்து வெப்போம், செலவுல என் பங்க இப்பவே எழுதிக்குங்க. தலைவர் மட்டும் கொஞ்சம் மனச திடப்படுத்திக்கணும், கட்டியங்காரன் மொத ஆளா அவரத்தான் புடிப்பான்.