சம்பளத்தைக் கேட்காமல் மனசைப் பற்றிப் பேசாதீர்கள்

மனநலம் என்று பேச்செடுத்தாலே "பாசிட்டிவா யோசி, தியானம் பண்ணு, காலையில நட" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மாசம் கைக்கு எவ்வளவு வருகிறது, கடன் எவ்வளவு, வீட்டில் உன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே கோபம் உண்டு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கைப்படி இந்தியாவில் அந்த வருஷம் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். அதில் 42,004 பேர் தினக்கூலிகள், 23,179 பேர் இல்லத்தரசிகள். மொத்தத்தில் 64 சதவீதம் பேருக்கு வருஷ வருமானமே ஒரு லட்சத்துக்குள்தான். எந்தச் சாவுக்கும் ஒரே காரணம் இருக்காது, சரி, ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் எல்லாம் அவரவர் மனத்திடம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

எங்கள் சித்தி ஒருவர், படுத்த படுக்கையான மாமனாரைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவர். "நெஞ்சு படபடங்குது, கை கால் எரியுது, தூக்கமே இல்ல" என்பார். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டு சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார், ஊரில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மனநல மருத்துவரிடம் போகலாம் என்று நான் சொன்னபோது வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "வெளிய தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் எப்படி அமையும்?"

சிகிச்சைக்கு வருபவர்கள் குறைவு என்பது பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பிலேயே தெரிந்தது. மனநலப் பாதிப்பு உள்ள 10 பேரில் 7 பேருக்கு மேல் சிகிச்சை இல்லை. கூலி வேலைக்காரருக்கு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, துணைக்கு வருபவரின் கூலியும் போச்சு, பஸ் காசு வேறு. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும், அதற்குள் இரண்டு தடவை அலைந்தவர் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுகிறார். அவர் மேல் என்ன தப்பு? ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மனநல மாத்திரையும் அதே பையில் எல்லா ஊருக்கும் வர வேண்டும்.

இப்போதைக்குக் கையில் இருப்பது 14416, அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண், பெயர் டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாராவது தூங்காமல் தவித்தால் நீங்களே அந்த எண்ணுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் தனியாகப் பேசட்டும் என்று கொஞ்சம் வெளியே போய் இருங்கள்.