கேபிளை மாத்தியும் போகாத ம்ம்ம்ம்

ராத்திரி வீடு அடங்குனப்புறம் ஆம்ப்ளிஃபையரை, அதான் ஆம்ப்பை, ஆன் பண்ணா பாட்டுக்கு முன்னாடியே ஸ்பீக்கர்லேருந்து ம்ம்ம்ம்னு ஒரு இரைச்சல், உள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி. எனக்கு லேப்டாப்லேருந்து ஆம்ப்புக்கு பாட்டு கொண்டு போற கேபிள் மேல தான் சந்தேகம், தங்க முலாம் பூசுன கனமான ஆர்சிஏ கேபிள் ஒண்ணு வாங்கி மாட்டுனேன். காசு போச்சு, இரைச்சல் போகல.

ஒருநாள் எதேச்சையா லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குனேன், டக்குன்னு அடங்கிருச்சு. சொருகுனா திரும்ப ம்ம்ம்ம். அப்ப தான் கிரவுண்ட் லூப்னா என்னன்னு தேடிப் படிச்சேன். லேப்டாப் சார்ஜர்லயும் எர்த், ஆம்ப்லயும் எர்த், போதாக்குறைக்கு ஆர்சிஏ கேபிளோட ஷீல்டும், அதாவது உள் கம்பியைச் சுத்தி இருக்கற உலோக உறையும், ரெண்டையும் சேக்குது, ஆக ஒரு பெரிய வளையம், அதுல கரண்ட் சுத்துது. ஷீல்டு 0.05 ஓம்னு வச்சுக்கங்க, 20 மில்லிஆம்ப் ஓடுனா 1 மில்லிவோல்ட். இவ்ளோ தானான்னு தோணும், ஆனா ஆர்சிஏல வர்ற லைன் சிக்னலே சுமாரா 316 மில்லிவோல்ட் தான், அதோட சிக்னல் திரும்பிப் போற வழியும் அதே ஷீல்டு தான், அதனால அந்த 1 மில்லிவோல்ட் நேரா பாட்டோட கலந்துரும். பாட்டை விட 50 டெசிபல் கீழ தான் நிக்குது, ஆனாலும் அமைதியான ரூம்ல காதுல விழுது. தங்க முலாம் இதுல என்ன பண்ணும் பாவம்.

எர்த் பின்னை உடைச்சு விட்டா சரியாயிரும்னு யாராச்சும் சொல்வாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அது உயிர் காக்குற பின். நான் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுனேன், பாதி குறைஞ்சுது, மிச்சத்துக்கு லேப்டாப்புக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல 1:1 ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டேன், அது கம்பியோட கம்பி தொடாம சிக்னலை மட்டும் கடத்தும், லூப் கட் ஆயிருச்சு.

அதோட விட்டிருக்கலாம், விடல. ஓசியா வந்த பழைய கேபிள் ஒண்ணை பிளேடு வச்சு கீறிப் பாத்தேன், ஷீல்டுங்கற பேர்ல ஒரு பக்கமா ஏழெட்டு மயிரிழை கம்பி, மிச்ச இடமெல்லாம் வெறும் பிளாஸ்டிக்! அன்னைக்கே நெருக்கமா பின்னுன ஷீல்டு வயர் வாங்கி நானே சால்டர் பண்ண ஆரம்பிச்சேன். மொதல் பின்லயே சூடு ஜாஸ்தியாகி உள்ள இன்சுலேஷன் உருகி ஷார்ட், அது வேற கதை. பவர் கேபிளோட ஒட்டி ஓட்டாதீங்க, குறுக்க வந்தே ஆகணும்னா நேர் செங்குத்தா தாண்டட்டும். ஸ்பீக்கர் வயருக்கு ஷீல்டெல்லாம் தேவையில்ல.

இப்ப காதை ஸ்பீக்கர்ல ஒட்டி வச்சா மட்டும் லேசா ஒரு சத்தம், ஆம்ப்போட இன்புட்ல எதையும் சொருகாம விட்டாலும் வருது, அப்ப கேபிள் இல்ல. போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் வச்சுப் பாத்தா வீட்டு கரண்டோட 50 ஹெர்ட்ஸ் இல்ல, 100. ஏசியை டிசியா மாத்துற ரெக்டிஃபையருக்கு அப்புறம் மிச்சமா வர்ற ரிப்பிள், அதாவது அலை, அப்படித்தான் இருக்கும், அனேகமா அதைச் சமப்படுத்துற ஃபில்டர் கெப்பாசிட்டர் வயசாயிருச்சு. ஆம்ப்பை தொறக்கணும், ப்ளக்கைப் பிடுங்குன பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்ங்கறதால மீட்டர் வச்சுப் பாக்காம கை வைக்கப் போறதில்ல.