வேகத்தைக் கொடுத்து வாங்கும் திருப்பம்

நம் பள்ளி மைதானத்தில் நின்றால், மீன் இறங்கும் கரைக்கு மேல் செம்பருந்து வட்டமடிப்பது தெரியும். இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக் கடற்படை விமானத் தளத்துக்கு 2009-இல் ஐஎன்எஸ் பருந்து என்று பெயரிட்டபோது ஊரில் யாருக்கும் அது புதுப்பெயராகப் பட்டிருக்காது. 2020-இல் தஞ்சாவூருக்கு சுகோய்-30 போர் விமானம் வந்த பிறகு, விடுமுறைக்குப் போகும் நம்மவர்களின் பேச்சில் 'எந்த விமானம் நல்லாத் திரும்பும்?' என்ற கேள்வி தவறாமல் வருகிறது.

இதற்கு ஒரே பதில் கிடையாது. பாய் விரித்த வல்லத்தின் சுக்கானை ஒரேயடியாக மடக்கினால் அணியம், அதாவது முன்பகுதி, சட்டென்று திரும்பும், ஓட்டம் செத்துவிடும். விமானமும் அப்படித்தான். ஒரு நொடி எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பது ஒன்று, வேகம் குறையாமல் எவ்வளவு நேரம் திரும்பிக்கொண்டே இருக்கும் என்பது வேறொன்று. சோதனையில் இரண்டையும் தனித்தனியாக அளக்கிறார்கள்.

இயற்பியல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய அதே வட்ட இயக்கச் சூத்திரம்தான். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில், உயரம் மாறாமல் 5 ஜி, அதாவது தன் எடையைப்போல் ஐந்து மடங்கு தூக்குவிசை, இழுக்க விமானம் 78 பாகைக்குச் சற்று மேல் சாய வேண்டும். வட்டத்தின் ஆரம் சுமார் 830 மீட்டர். முழுச் சுற்றுக்கு 26 நொடி.

முதல் வகையான ஒரு நொடித் திருப்பத்துக்கு, விமானி முழு விசையில் சாய்ந்து, ஜி-யை மெல்ல மெல்ல ஏற்றுவார். இழுவை கூடி வேகம் விழப் பார்க்கும். மூக்கைத் தாழ்த்தி, உயரத்தை விட்டுக்கொடுத்து மாக் எண்ணை, அதாவது ஒலி வேகத்தோடு ஒப்பிட்ட வேகத்தை, காப்பார். இறக்கை அதிரத் தொடங்கும் புள்ளியும் அதற்கு மேல் இழுக்க முடியாத எல்லைப் புள்ளியும் பதிவாகும். அவசரப்பட்டு இழுத்தால் அதிர்வு தொடங்கிய இடம் பதிவில் தெளிவாகப் பிடிபடாது. நேர்ப் பறப்பில் நொடிக்கு 65 மீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தாங்கும் திறனை இழக்கும், விமானம் 9 ஜி-க்கு நொடிக்கு 195 மீட்டர் வேகத்தில் இருந்தாக வேண்டும். ஜி-யின் வர்க்கமூலம் அங்கே வேலை செய்கிறது.

இரண்டாவது வகைதான் பொறுமையைச் சோதிப்பது. முழு விசை, மாறாத உயரம். வேகம் ஏறவும் இறங்கவும் செய்யாத சாய்வைத் தேடிப் பிடித்து நிற்க வேண்டும். நொடிக்கு ஒரே ஒரு மீட்டர் கீழிறங்கினாலும் இயந்திரம் தராத ஆற்றல் கணக்கில் ஏறிவிடும். எரிபொருள் இன்னொரு திருடன், எரிய எரிய விமானத்தின் எடை குறையும்: 11 டன்னில் கிடைத்த 5 ஜி, 12 டன்னுக்குத் திருத்தினால் 4.58 தான். இந்தத் திருத்தம் இல்லாமல் இரு விமானங்களை ஒப்பிடுபவரை நான் நம்பமாட்டேன்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நொடிக்கு 10 மீட்டர் வீசும்போது நம் கடல்மேல் அந்த 26 நொடி வட்டத்தைப் போட்டால், தரையளவில் அது மூடாது. தொடங்கிய இடத்துக்குக் கிழக்கே 260 மீட்டர் தள்ளி முடியும். ஜிபிஎஸ் தடத்தில் அந்த விலகலைப் பார்த்துத்தான் காற்றையே அளந்துகொள்கிறார்கள்.