ஆவணியில் ஊசுட்டேரி: பறவைகளோடு தும்பிகளையும் பார்க்கத் தொடங்கிய பின்

புதுச்சேரிக்கு மேற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் நீண்டு கிடக்கும் ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்கச் செல்பவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். புதுச்சேரிப் பக்கத்து ஏரிப்பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசை வாத்துகள் கூட்டமாக இறங்கும் குளிர்காலமே அதன் சிறப்பு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆயினும் ஆடிக் கடைசியிலிருந்து ஐப்பசி மழை பிடிக்கும் வரையிலான நாட்களில்தான் ஓர் ஏரியைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ள முடிகிறது என்பது என் உறுதியான கருத்து. நீர் உள்வாங்கி ஓரங்களில் சேறு தெரியும். பறவைகள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றையும் நின்று பார்க்கலாம். தும்பிகளோ எங்கு திரும்பினாலும் இருக்கும்.

விடிந்ததும் கரையில் இறங்கினால் முதல் இரண்டு மணி நேரம் பறவைகளுக்கானது. சைபீரியா முதலான வடபுலங்களில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் பொரி உள்ளான்கள் ஆவணியிலேயே சேற்றில் இரை தேடிக்கொண்டிருப்பதைக் காணலாம். பொரி தூவியது போன்ற முதுகு, கண்ணுக்கு மேலே தெளிவான வெண்கோடு, மஞ்சள் படிந்த கால்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகிவிட்டால் மற்ற உள்ளான்களிடமிருந்து அதைப் பிரித்தறிவது எளிதாகிவிடுகிறது. நீர்த்தாவரங்கள் அடர்ந்த பகுதியில் நீளவால் இலைக்கோழிகள் இன்னும் இனப்பெருக்கக் கால நீள்வாலோடு இருக்கும். குளிர்காலத்தில் மட்டும் வருபவர்களுக்கு அந்த வால் காணக் கிடைக்காது. இவ்வினத்தில் பெண் பறவை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுடன் இணைந்து முட்டையிட, அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆணின் பொறுப்பாகிறது. குஞ்சுகளுடன் இலை மேல் நடக்கும் பறவையைக் கண்டால் அது தந்தை என்றே குறித்துக்கொள்கிறேன்.

வெயில் ஏறிப் பறவைகள் ஒடுங்கும் நேரத்தில் முன்பெல்லாம் வீடு திரும்பிவிடுவேன். இப்போது அந்த நேரத்தில்தான் என் நடையின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. தும்பிகளின் பறக்கும் தசைகள் சூடேறினால்தான் அவை சுறுசுறுப்பாகச் செயல்படும் என்பதால், எட்டரை மணிக்கு மேல் கோரைகளின் நுனியிலும் நெய்வேலிக் காட்டாமணக்குக் கிளைகளிலும் ஒவ்வொன்றாக வந்து அமர்கின்றன. இறக்கைகளை விரித்து அமர்பவை தும்பிகள் என்றும், மெல்லிய உடலின் மேல் இறக்கைகளைச் சேர்த்து வைத்துக்கொள்பவை பெரும்பாலும் ஊசித்தட்டான்கள் என்றும் பிரித்துக்கொண்டுதான் இந்தப் படிப்பைத் தொடங்கினேன்.

அடுத்த படி, சிவப்புத் தும்பிகளைப் பிரித்தறிவது. தலை முதல் வால் நுனி வரை இரத்தச் சிவப்பாகவும், வயிற்றின் மேற்புறத்தில் மெல்லிய கருங்கோடு ஒன்றுடனும் இருப்பது குரோகோதெமிஸ் சர்வீலியாவின் ஆண். சிவப்பில் ஊதா கலந்து, இறக்கை நரம்புகளும் சிவந்திருந்தால் அது டிரைதெமிஸ் அரோராவின் ஆண். இறக்கையின் பெரும்பகுதியில் ஆரஞ்சு நிறம் பரவியிருந்தால் பிராக்கிதெமிஸ் கண்டாமினேட்டாவின் ஆண். சாக்கடை கலந்த நீரையும் தாங்கும் இனம் என்பதால் நகரத்து வாய்க்கால்களிலும் இதைப் பார்க்கலாம். இந்த மூன்றையும் பழகிக்கொண்டதில் எனக்குக் கிடைத்த பாடம், உடல் நிறத்தை விட இறக்கையை முதலில் பார்க்க வேண்டும் என்பதுதான். இருநோக்கி (பைனாகுலர்) வாங்குபவர்கள், இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதையும் அது தெளிவாகக் காட்டுமா என்று கேட்டு வாங்குவது நல்லது. படம் எடுப்பதாயின் மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் தேவை. மார்பின் பக்கவாட்டுக் கோடுகள் இல்லாமல் பல இனங்களை உறுதி செய்ய முடிவதில்லை.

ஒரே தும்பியின் அருகில் நெடுநேரம் நிற்பதற்குப் பயன் உண்டு. வெயில் உச்சியை நெருங்க நெருங்க, அமர்ந்திருக்கும் தும்பி தன் வயிற்றைச் சிறிது சிறிதாக மேலே தூக்கி, இறுதியில் சூரியனை நோக்கி நட்டுக்குத்தாக நிறுத்திக்கொள்கிறது. உடலில் நேராகப் படும் வெயிலைக் குறைக்க அது கையாளும் வழி இது. அப்படி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பஞ்சுருட்டான்களின் வேட்டையும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. மின்கம்பியிலிருந்து பாய்ந்து தும்பியைக் கவ்விய பறவை, அதே இடத்திற்குத் திரும்பி, கம்பியில் நாலைந்து முறை அடித்த பிறகே விழுங்கியது. தும்பிகளை வேட்டையாடும் தும்பியும் உண்டு. பச்சையும் கறுப்புமான ஆர்தெட்ரம் சபீனா தன்னளவே உள்ள வேறு தும்பியைப் பிடித்துக்கொண்டு புல்லில் அமர்ந்து தலைப்பக்கமிருந்து தின்றுகொண்டிருப்பதை அருகில் பார்த்தேன்.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆவணி, புரட்டாசியில் அப்படி வெட்டவெளிகளில் அமராமல் கூட்டமாக வட்டமிடும் மஞ்சள் தும்பி பெரும்பாலும் பாண்டாலா ஃபிளாவெசென்ஸ். நன்னீர் நிலைகள் அரிதான மாலத்தீவில் ஆண்டுதோறும் அக்டோபரில் இவை எங்கிருந்து வருகின்றன என்று ஆராய்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து காற்றின் துணையோடு கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்பவை என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். மழைநீர் தேங்கும் சிறு குட்டைகளில் சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும் இனம் இது. ஆதலால் மைதானத்து மழைக்குட்டையை மண் கொட்டி மூடும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இப்போது நான் கவனம் செலுத்துவது கோரைத் தண்டுகளில் ஒட்டியிருக்கும் தோலுரிகளின் மீது. நீருக்குள் வளர்ந்த இளரி, அதாவது தும்பியின் இளம்பருவம், மேலேறி வந்து, முதுகு வெடித்துத் தும்பியாக வெளியேறிய பிறகு எஞ்சும் கூடு அது. வெடிப்பின் வழியே தெரியும் வெள்ளை நூல்கள், மூச்சுக்குழல்களின் உட்புற உறை. பறந்து வந்த தும்பி வேறிடத்தில் பிறந்ததாக இருக்கலாம், தோலுரி கிடைத்தால் அந்த இனம் இந்த ஏரியிலேயே வளர்ந்தது என்பது உறுதி. மழை பிடித்து நீர்மட்டம் உயர்ந்து கோரைகள் மூழ்குவதற்குள் மதகுக்கு அருகிலுள்ள பகுதியை முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்த மாத வேலை.