எஸ்.ஆர். மாத்திரையை நுணுக்காதீங்க

அப்பாருக்கு முழுங்க வரலைன்னு மாத்திரையை நுணுக்கி மோருல கலக்கிக் குடுக்கற வழக்கம் கோபி, காங்கேயம் பக்கம் பல வீட்டுல இருக்குதுங்க. பேருக்குப் பின்னால எஸ்.ஆர், எக்ஸ்.ஆர், இ.ஆர்னு போட்டிருந்தா, அது மருந்தை மெதுவா வெளிய விடற மாத்திரை. அதை நுணுக்கவே கூடாதுங்க.

சக்கரைக்குக் குடுக்கற மெட்ஃபார்மின் எஸ்.ஆரைப் பாருங்க. பெரும்பாலும் ஹைப்ரோமெல்லோஸ்ங்கற செல்லுலோஸ் பொருளோட மருந்தைக் கலந்து அழுத்தியிருப்பாங்க. தண்ணி பட்டதும் சப்ஜா விதையாட்டம் சுத்தியும் கூழ்ப்படலம் கட்டும். மருந்து அது வழியா மெதுவாக் கசியும். நுணுக்கிட்டா மணிக்கணக்குல வர வேண்டியது ஒரேடியா இறங்கி, குமட்டலும் வயித்துப்போக்கும் வரும். நிஃபெடிபின் மாதிரி பி.பி. மருந்துன்னா இன்னும் மோசம். பிரஷர் சடார்னு விழுந்து மயக்கமே வந்துரும்.

மலத்துல மாத்திரையாட்டம் ஏதாச்சும் தெரிஞ்சாப் பயப்படாதீங்க. மருந்து கசிஞ்சு போன வெறுங்கூடு அது. அதுக்காக இன்னொண்ணு போட்றாதீங்க.

பி.பி.க்குக் குடுக்கற மெட்டோப்ரோலால் சக்சினேட் மாத்திரை பலதுல, தனித்தனியாப் பூச்சு போட்ட குருணைகளைச் சேர்த்து அழுத்தியிருப்பாங்க. நடுவுல கோடு இருந்தா ரெண்டாப் புட்டுக்கலாம், மெல்லக் கூடாது. வயித்து அமிலத்தைக் குறைக்கற பான்டோபிரசோல் மாத்திரையோட பூச்சு வேற ரகம்: வயித்து அமிலத்தைத் தாங்கி, சிறுகுடல்ல கரையும். நுணுக்கினா அமிலத்துலயே மருந்து கெட்டுரும்.

முழுங்க முடியாதவங்க, மூக்குக் குழாய் போட்டவங்க இருந்தா டாக்டர்கிட்ட முன்னாலயே சொல்லிருங்க. மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 1000 மி.கி. ஒரு வேளைக்குப் பதிலா சாதா 500 மி.கி. ரெண்டு வேளைன்னோ, திரவ மருந்தாவோ மாத்தி எழுத வழி இருக்குதுங்க.