வெயிலில் நகர்ந்த குழிகள்

கோவையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்த முதல் கோடையில், மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு செயற்கை வைரச் சில்லோடுதான் என் பொழுதெல்லாம் கழிந்தது. காங்கேயத்தில் கல் பட்டை தீட்டும் என் மாமா அதை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் பாய்ந்த கல் விலை போகாது என்றார். அந்த மஞ்சளுக்குக் காரணமான நைட்ரஜன்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. கார்பன் அணு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைட்ரஜனும், அதை ஒட்டி அணுவே இல்லாத ஒரு வெற்றிடமும் அமைந்துவிட்டால், அங்கே தங்கும் எலெக்ட்ரான்களின் ஸ்பின்னை, அதாவது அவற்றைச் சிறு காந்தங்கள் போல ஆக்கும் பண்பை, பச்சை லேசரால் ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, மைக்ரோவேவால் திருப்பி, வெளிவரும் சிவப்பொளி எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு படித்துவிடலாம்.

மைக்ரோவேவின் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போய் ஒளியை வரைபடமாக்கினால், ஒளி மங்கும் இடம் ஒரு குழி போலத் தெரியும். காந்தப்புலம் இல்லாதபோது அந்தக் குழி 2870 மெகாஹெர்ட்ஸில் விழும். நியோடிமியம் காந்தம் ஒன்றை அருகே நிறுத்தி, வைரத்தின் ஓர் அச்சு வழியே 100 காஸ் புலம் கொடுத்தால், அந்த அச்சின் குழி 2590, 3150 என இரண்டாகப் பிரியும். காலையில் அரை மைக்ரோவினாடி மைக்ரோவேவ் துடிப்பு ஒன்று ஸ்பின்னை ஒழுங்காகத் திருப்பியது. பிற்பகல் மூன்று மணிக்கு அதே துடிப்பு பாதி வேலைதான் செய்தது. பக்கத்துக் கட்டட லிஃப்ட் மீது பழி போட்டேன். மைக்ரோவேவ் கருவியைக் கழற்றி மாட்டினேன். இரண்டு வாரம் வீணாயிற்று. மேல் குழியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது என் பிழை.

எங்களுக்கு அலுமினியத் தாங்கி கடைந்து கொடுத்த லேத் பட்டறை அண்ணன், மோட்டார் வேலையில் பழகியவர், ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காந்தம் எதுலீங்க நிக்குது? சூடேறுனா பலம் கொறையுமுங்களே."

அன்று மாலை இரண்டு குழிகளையும் சேர்த்து அளந்தேன். வைரம் சூடேறினால் இரண்டும் ஒருசேரக் கீழே இறங்கும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 74 கிலோஹெர்ட்ஸ். காந்தம் சூடேறினால் புலம் டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் குறையும். அப்போது குழிகள் ஒன்றையொன்று நெருங்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 280 கிலோஹெர்ட்ஸ். மேல் குழியில் இவ்விரண்டும் ஒரே திசையில் கூடிக்கொள்வதால், அறையின் வெப்பம் மூன்று டிகிரி ஏறினாலே அது ஒரு மெகாஹெர்ட்ஸ் விலகிவிடும். நான் கண்டதும் அதேதான்.

குளிர்விக்க வசதியில்லை. ஆகவே பிற்பகல் வெயிலைவிடக் கூடுதலாக, 40 டிகிரியிலேயே நிலையாக இருக்கும்படி, காந்தத்தையும் வைரத்தையும் தெர்மோகோல் பெட்டிக்குள் சிறு ஹீட்டரோடு அடைத்து, புலம் பழைய அளவுக்கு வரும்வரை காந்தத்தைச் சற்று நெருக்கி வைத்தோம்.

இதே போன்ற நைட்ரஜன் வெற்றிடங்களைக் கொண்டு, நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 2015-ல் 1.3 கிலோமீட்டர் தள்ளியிருந்த இரு வைரங்களின் ஸ்பின்களுக்கிடையே குவாண்டம் பின்னலை, அதாவது ஒன்றை அளந்தால் மற்றதன் அளவீடும் அதோடு தொடர்புபட்டே வரும் பிணைப்பை, உண்டாக்கினார்கள். 2024-ல் டெல்ஃப்டையும் ஹேக் நகரையும் இணைக்கும் 25 கிலோமீட்டர் ஒளியிழை வழியே அதைச் செய்தார்கள். அங்கே வைரங்கள் 4 கெல்வின் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரிக்கு, குளிர்விக்கப்பட்டிருக்கின்றன. இரு வைரங்களின் ஒளித்துகள்களும் நடுவில் சந்திக்கும்போது, எது எங்கிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாதபடி அவை ஒத்திருந்தால்தான் ஸ்பின்கள் பின்னிக்கொள்ளும். நிறத்தில் சிறிது வேறுபட்டாலும் ஒளித்துகள் பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக ஒரு வைரத்தின் மீது மின்னழுத்தம் கொடுத்து நிறத்தை மற்றதோடு இசைக்கிறார்கள். வெளிவரும் ஒளியில் ஏறத்தாழ 3 சதவீதம் மட்டுமே அதற்குப் பயன்படும் 637 நானோமீட்டர் ஒளி. எங்கள் மேசையில் அந்த வேலைக்கு இடமேயில்லை. ஆனாலும் அங்குள்ளவர்கள் நகர்வைத் துரத்தித் துரத்தித் திருத்துவதைப் படிக்கையில், அந்த இரண்டு வாரத்தை நினைத்து எனக்கு அவ்வளவாக வெட்கம் வருவதில்லை.

இப்போது குறிப்பேட்டில் இரு குழிகளுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே புகும்போது ஹீட்டர் அடிக்கடி எரிகிறது. கீழ்க் குழி இடம் மாறாமல் நிற்கிறது.